சரோஜா வீட்டு ஆலாத்தி

ஜூன் 5, வியாழன்

பொசுக்குகிற வெயில். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கி இடுப்பு விட்டுப்போனது. சோறு வடிக்கும்போது பக்கத்து வீட்டு சரோஜா. கையில் வெற்றிலை பாக்கு, பத்திரிகை. ஞாயிற்றுக்கிழமை மகன் தினேஷுக்குக் கல்யாணமாம். மந்தின் ஊர்ப் பெண்.

போன வருஷம் இதே தினேஷுக்குத்தான் என் மகள் ரேவதியைப் பரிசம் போட்டார்கள். தோட்டத்துச் சனமே வந்து சாப்பிட்டது. அப்புறம் ஒரு வாட்சப் மெசேஜ். ஜாதகம் சரியில்லையாம். பரிசம் போடும்போது ஜாதகம் எங்கே மேயப் போயிருந்தது?

"அக்கா, பொண்ணு மாப்பிள்ள வீட்டுக்கு வர்றப்போ நீங்கதான் ஆலாத்தி எடுக்கணும். உங்க கைராசி யாருக்கு வரும்?"

என்ன நெஞ்சழுத்தம். அதற்கென்ன, எடுத்துவிட்டால் போயிற்று என்று சிரித்தேன். டீ வேறு போட்டுக் கொடுத்தேன். அவள் போனதும் அந்த கிளாசைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

ஜூன் 6, வெள்ளி

தூறல். துணி காயவில்லை.

இவரிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், போய் எடுத்துவிட்டு வா, பக்கத்து வீடு என்கிறார். இவரும் ஒரு அப்பா.

ரேவதிக்கு போன் போட்டேன். ராசா டவுனில் அறை எடுத்துத் தங்கி கிளினிக் வேலை. அழவில்லை. பரிசம் முறிந்த அன்றும் அழவில்லை.

"போம்மா. சிரிச்சிக்கிட்டே போ. நீ போவலன்னா எங்கிட்டதான் ஏதோ கோளாறுன்னு பேசுவாங்க."

போனை வைத்துவிட்டு சாமான் பட்டியல் எழுதினேன்.

பெடாஸ் டவுனில் வாங்க: மஞ்சள், சுண்ணாம்பு, சூடம், கோழித் தீவனம். பச்சைச் சேலைக்கு ஜாக்கெட் பிரிக்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

வெயில். ஜாக்கெட் இன்னும் இறுக்கம்.

ஆலாத்தி எடுப்பது கண்ணேறு கழிக்க. அந்த நாய்மேல் யார் கண் பட்டிருக்கும்? என் கண்தான். அதை நானே சுற்றிக் கழிக்க வேண்டுமாம்.

மஞ்சளில் சுண்ணாம்பு கரைத்தேன். ரத்தமாய்ச் சிவந்தது. வாசலில் ஆளுக்கொரு செல்போன். பெண் பாவம், மிரண்ட முகம். அவளுக்கு மனசாரச் சுற்றினேன். அவனுக்குக் கை மட்டும் சுற்றியது. பொட்டு வைத்தேன். கழுத்தை நெரிக்கத் தோன்றியது. பல் தெரியச் சிரித்தேன்.

தட்டில் ஐம்பது வெள்ளி நோட்டு போட்டான். "தேங்க்ஸ் ஆண்டி." போன வருஷம் வாய் நிறைய அத்தை. இப்போது ஆண்டி.

எப்போதும் காசை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் தண்ணீரை ரோட்டில் ஊற்றுவேன். இன்று நோட்டோடு சேர்த்து ஊற்றினேன். எல்லோரும் பார்க்க, நடு ரோட்டில், சிவப்புத் தண்ணீருக்குள் அவன் காசு. ஒருவரும் குனியவில்லை. கண்ணேறு கழித்த தண்ணீரில் கிடக்கிறதை எவன் தொடுவான்? வந்த மோட்டார் சைக்கிள்கூட ஒதுங்கிப் போனது.

சரோஜா முகம் செத்துவிட்டது. "அக்கா, காசு..."

"மறந்துட்டேன்லா. வயசாயிடுச்சில்ல."

சிரித்தபடியே பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டேன்.

சாயங்காலம் ரேவதி போன். யாரோ வீடியோவை அவளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

"நெசமாவே மறந்துட்டியாம்மா?"

"இல்ல."

ஓவென்று அழுதாள். இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான்.

அழட்டும். போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.