இரண்டு மணி அடித்து நின்ற தொலைபேசி

மல்லேஸ்வரம், பெங்களூர்
10.2.1999, புதன்

அன்புள்ள லாவண்யாவுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வரிக்குப் போய்விடுவது என் பழக்கம். இந்தத் தடவை அப்படிப் போக முடியவில்லை. நிஜமாகவே கேட்கிறேன், சுகமா கண்ணு?

உன் கடிதம் போன மாதக் கடைசியில் வந்தது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்கு உன் பொடி எழுத்து தெரிவதில்லை என்பதால் நான்தான் உரக்கப் படித்தேன். புது வீட்டுக்கு மாறிய செய்தி வரைக்கும் சரியாகப் படித்தேன், அதற்குமேல் குளியலறையில் நீ மயங்கி விழுந்ததும், குழாய்த் தண்ணீர் வழிந்து கீழ்வீட்டுக் கூரையில் சொட்டியதால் அந்த வயதான அம்மாள் மேலே வந்து கதவைத் தட்டியதும், இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் இருந்ததும் வந்தபோது என் கண் முன்னால் ஓட, வாய் வேறு எதையோ சொல்லத் தொடங்கிவிட்டது. அங்கே பனி அதிகம் என்றும், ஆபீசில் உன்னைப் பாராட்டினார்கள் என்றும் நானாகவே சேர்த்துப் படித்தேன். அம்மா சந்தோஷப்பட்டாள். இன்றுவரை அவளுக்குத் தெரியாது. செய்தது சரியா தப்பா என்று எனக்கே தெளிவில்லை, நீயும் எழுதும்போது இதை மனதில் வைத்துக்கொள். அன்று சாயங்காலமே, அம்மா காதில் விழாமல் இருக்க, எட்டாவது கிராஸ் பூத்துக்குப் போய் உன் ஆபீசுக்கு அடித்தேன். நீ லைனில் வந்தாய், நல்லாயிருக்கேன்ப்பா என்றாய். எனக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அங்கே கேட்க முடியாததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில், உன்னை மயங்கி விழ வைத்த அந்த கேஸ் ஹீட்டர். கேஸ் சரியாக எரியாமல் போனால் உண்டாகிற அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை, ரத்தத்தில் பிராணவாயு இருக்கவேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று முப்பது வருஷம் கல்லூரியில் பாடம் நடத்தியிருக்கிறேன். பரீட்சையில் வரும், கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். என் மகள் அப்படி ஒரு ஹீட்டரோடு தனியாக ஒரு வீட்டில் இருக்கப் போகிறாள் என்றபோது மட்டும் அந்தப் பாடம் ஞாபகத்துக்கு வரவில்லை, மஃப்ளர் எடுத்து வைத்தாயா என்றுதான் கேட்டேன். சுவரில் காற்றுக்காக விட்டிருந்த துளையை அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையைச் சுருட்டி அடைத்திருந்தேன் என்று எழுதியிருக்கிறாயே, உன்மேல் குற்றமில்லை. விமான நிலையத்தில் கடைசி நிமிஷம்வரை அம்மா உன்னிடம் சொன்னது, பனிக்காத்து உள்ளே வராமப் பாத்துக்கோ என்பதைத்தானே. நம் வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் முதல் வேலை ஜன்னலைச் சாத்துவதுதான். அந்த ஊர்க்காரர்கள் யாரும் செய்யாத தப்பு அது, நாம் மட்டுமே செய்யக்கூடியது. புடவையை எடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய், ஆனாலும் தினம் ஒருமுறை அந்தத் துளைக்கு நேரே கையை வைத்து, காற்று வருகிறதா என்று பார். குளிர்ந்தால் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொள். ஹீட்டரைச் சோதிக்க வீட்டுக்காரன் ஆள் அனுப்புகிறேன் என்று சொன்னால் போதாது, ஆள் வந்து பார்த்தபிறகே அதைப் பற்றவை. அந்த வாயு சேர்ந்தால் கத்துகிற சின்னக் கருவி அங்கே கடையில் கிடைக்கிறதாமே, அதை வாங்கிப் படுக்கைப் பக்கத்தில் மாட்டு. தலைவலி வந்தால் உடனே மாத்திரையைத் தேடாதே, முதலில் ஜன்னலைத் திற, பிறகு வெளியே போய் நில்.

இதெல்லாம் எந்த அப்பாவும் எழுதுவது. நான் சொல்லவந்தது வேறு, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நான்கு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன். நீ கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தாய். புது வீட்டில் இன்னும் போன் வரவில்லை, பொங்கலுக்கு முன்னாலிருந்தே ஞாயிற்றுக்கிழமை ரிங் கொடுக்க முடியவில்லை, கவலைப்பட்டிருப்பீர்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. லாவண்யா, நாங்கள் கவலைப்படவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் போன் இரண்டு மணி அடித்து நின்றது. நீ போன புதிதில் நாம் பேசி வைத்துக்கொண்டபடியே, இரண்டு மணி அடித்தால் சுகம், எடுக்கவேண்டாம், வீண் செலவு என்று நாங்களும் எடுக்கவில்லை. மணி நின்றதும் அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இலை போடுவாள். நீ ஆஸ்பத்திரியில் கிடந்த ஞாயிறும் அடித்தது. அன்றைக்கு அவள் பாயசம்கூட வைத்திருந்தாள், நான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் எதையும் சட்டென்று நம்புகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும், என்னையே நம்புகிறவனும் இல்லை. நீ தேதியைத் தப்பாக எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். பிறகு தபால் முத்திரையைப் பார்த்தேன், தேதி சரிதான். பிறகு ஒன்று ஞாபகம் வந்தது, தீபாவளிக்குப் பிறகு சில ஞாயிறுகளில் அந்த ரிங் இரண்டு தடவை வந்தது. ஒருமுறை அடித்து நின்று, கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்து நிற்கும். ரெண்டு தரம் அடிக்கிறா, அவ்வளவு பாசம் என்று அம்மா அப்போது பூரித்துப் போனாள். பொங்கலுக்கு முன் அதில் ஒன்று நின்றுபோனது. நின்றது எது, தொடர்ந்தது எது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

உன் கடிதம் வந்த பிறகு வந்த ஞாயிறு, அம்மா குளிக்கப் போயிருந்த நேரம். நான் போன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அடிக்காது என்றே நினைத்தேன், அடிக்கக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கடல் மாதிரி ஒரு இரைச்சல், பிறகு ஒரு ஆண் குரல், எம்மா, ஏம்மா எடுத்தே, காசு போவுது, வையி வையி என்று பதறியது. நான் யார் என்று சொன்னேன். அவன் பெயர் முனிகிருஷ்ணன், ஷார்ஜாவில் ஒரு சலவைக் கம்பெனியில் வேலை, அம்மா நீலசந்திராவில் இருக்கிறாள், வீட்டில் போன் இல்லை, பக்கத்து மைக்கேல்ராஜ் மளிகைக் கடைப் போன்தான் அவளுக்குப் பி.பி. நம்பர். தீபாவளி சமயத்தில் தங்கும் இடம் மாறியபோது நம்பரை வேறு சீட்டில் எழுதியிருக்கிறான், முதல் எண் ஐந்துக்குப் பதில் மூன்றாகிவிட்டது. அப்போது அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அப்டீன்னா எங்கம்மாவுக்கு இத்தினி நாளா ஒண்ணுமே போவலியா சார், அது பயந்தே செத்துடுமே, நான் போன மாசம் மிஷின்ல கையைக் குடுத்துட்டேன் சார், ரிங்கு வருதேன்னு அது நிம்மதியா இருக்கும்னு நெனச்சேன் என்றான். நீங்க ஒரு நடை போய்ச் சொல்லிடுங்க, அடுத்த ஞாயிறு இதே நம்பருக்கு அடிக்கிறேன், சரியான நம்பரைக் குடுங்க என்று கேட்டான். அதற்குள் லைன் போய்விட்டது.

பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினேன். எனக்கு அந்தப் பக்கம் பழக்கமில்லை, பஸ் மாறி, ஆட்டோ பிடித்து, சந்து சந்தாகக் கேட்டுக்கொண்டு மைக்கேல்ராஜ் கடையைக் கண்டுபிடிப்பதற்குள் நாலு மணியாகிவிட்டது. கண்ணாடி ஜாடிகளுக்கு நடுவில் சிவப்புப் போன், அதற்கு எதிரே அரிசி மூட்டைமேல் ஒரு அம்மாள் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள்தான் சின்னத்தாயி, வீட்டு வேலைக்குப் போகிறவள், ஞாயிறுதான் அவளுக்கு லீவு. நான் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டு போயிருந்தேன். உங்கள் மகன் எங்கள் வீட்டுக்குத்தான் இத்தனை நாளும் அடித்துக்கொண்டிருந்தான், நம்பர் மாறிவிட்டது, அதனால்தான் உங்களுக்கு ரிங் வரவில்லை, அவன் சுகமாக இருக்கிறான் என்றேன். கையைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் பயப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன், சிரித்துவிட்டாள். இன்னா சாமி சொல்றே, வாராவாரம் அடிக்கிறானே எம்புள்ள, முந்தி மத்தியானம் அடிப்பான், இப்ப சாயங்காலம் அடிக்கிறான், டூட்டி மாறியிருக்கும், வேற யாராச்சும் அம்மாவா இருக்கும் போய்த் தேடு என்றாள். மைக்கேல்ராஜ் அந்த அம்மாளின் நிம்மதிக்காக ஏதோ பொய் சொல்லி வைத்திருக்கிறார் என்று நினைத்து அவரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டி, ஆமா சார், நானும் கேட்டிருக்கேன் என்றார். குந்து சாமி, இப்ப வரும் பாரு என்று அந்த அம்மாள் எனக்கு ஒரு சோடா பெட்டியைத் தள்ளினாள்.

உட்கார்ந்தேன். அவள் கீரையை ஆய்ந்து முடித்து மடியை உதறினாள். போன் அடித்தது. இரண்டு மணி. நின்றது. அவள் போனைப் பார்த்து ரெண்டு கையாலும் திருஷ்டி கழிக்கிற மாதிரி நெட்டி முறித்துவிட்டு, என்னைப் பார்த்து, கேட்டியா, பைத்தியம் சாமி நீ என்று சொல்லிவிட்டுக் கீரைக் கூடையோடு போய்விட்டாள். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த மைக்கேல்ராஜ், தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது சாய்ந்தபடி இருக்க என்னையே பார்த்தார். உங்க நம்பர் எதில் தொடங்குகிறது என்று கேட்டேன், அஞ்சு என்றார். ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லிப் பார்த்தேன், முதல் எண்ணைத் தவிர மற்ற எல்லா எண்ணும் நம்முடையதுதான். சரியான நம்பர் முனிகிருஷ்ணனிடம் அன்றைக்கு இல்லவே இல்லை லாவண்யா. அப்படியானால் இப்போது அடித்தது யார். சார், இதை அந்தம்மாகிட்ட இன்னொரு வாட்டி சொல்லாதீங்க என்று மட்டும் மைக்கேல்ராஜ் சொன்னார். அடுத்த தடவை நீங்கள் எடுத்துக் கேட்கலாமே என்றேன். எடுத்து யாருன்னு கேட்டா, அப்புறம் நான்தானே சார் அவனோட அம்மா வீட்டைத் தேடிக்கிட்டுப் போகணும், அங்கேயும் ஒரு போன் இருக்குமே என்றார்.

திரும்பி வருகிறபோது சாயங்கால வெளிச்சம் இருந்தது, பஸ் மெதுவாகத்தான் போனது. வழியில் ஏதோ ஒரு மாடி வீட்டில் போன் மணி அடித்தது, இரண்டு தடவை, நின்றுவிட்டது. யாரும் எடுக்க ஓடுகிற சத்தம் கேட்கவில்லை. இன்னொரு தெருவில் அதே மாதிரி. சாதாரணமாக நடப்பதுதான், நான்தான் கவனித்ததில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்கோ ஒரு பிள்ளை அடிக்கிறான், அவன் அம்மா வேறெங்கோ காத்திருக்கிறாள், அவளுக்கும் வேறு யாரோ அடிக்கிறார்கள், எல்லார் வீட்டிலும் இலை போடுகிறார்கள். போன ஞாயிறு முனிகிருஷ்ணன் சொன்னபடி அடித்தான், சரியான நம்பரைக் கொடுத்தேன், எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன், கையைப் பற்றி அம்மாவிடம் நீயே சொல் என்றேன். திங்கள்கிழமை மைக்கேல்ராஜ் எனக்குப் போன் செய்தார். மத்தியானமும் அடிச்சது சார், சாயங்காலமும் அடிச்சது, எம்புள்ளைக்குப் பாசம் ஜாஸ்தியாயிடுச்சின்னு அந்தம்மா ஒரே சந்தோஷம் என்றார்.

அதனால் கண்ணு, இனிமேல் நமக்குள் ரிங் வேண்டாம். புது வீட்டில் போன் வந்த அன்றைக்கே கூப்பிடு, நான் எடுப்பேன், பேசு. என்ன செலவானாலும் ஆகட்டும். சுகம் என்று ஒரு சொல்லோடு நிறுத்தாதே, காலையில் என்ன சாப்பிட்டாய், அந்தத் துளையில் காற்று வந்ததா, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று சொல், உன் குரல் களைத்திருக்கிறதா என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். போன் வரும்வரை வாரம் ஒரு கார்டு போடு. கீழ்வீட்டு அம்மாளிடம் நம் விலாசமும் நம்பரும் எழுதிக் கொடு, மற்றொரு சாவியும் அவரிடமே இருக்கட்டும், தினம் காலையில் உன் திரைச்சீலை விலகாவிட்டால் வந்து தட்டச் சொல். கேட்கக் கூச்சமாக இருக்கும், நம் வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கூச்சம் உண்டு, என்னிடமிருந்து வந்தது, இந்த ஒன்றில் மட்டும் என்னைப் போல் இராதே. பாஸ்போர்ட் நகல் ஒன்றை ஆபீசில் வை, நம் தூதரகத்தில் பெயரைப் பதிந்துகொள். உன்னைப் பார்த்துவிட்டுப் போகிற மனிதர் ஒருவர் அங்கே இருந்தால் போதும், எனக்கு இந்தப் போன் பெட்டியின் வார்த்தை வேண்டாம்.

நீ எப்போதும் நல்ல மூச்சோடும் நல்ல மனதோடும் நூறு வருஷம் இருக்க, பத்தாவது கிராஸ் பிள்ளையாரையும் உன் தாத்தாவையும் வேண்டிக்கொள்கிறேன். அம்மாவின் ஆசீர்வாதம், அவள் தரச்சொன்னதை விட நான் இரண்டு பங்காக எழுதியிருக்கிறேன் என்று வைத்துக்கொள். துளையை அடைக்காதே.

உன் குரலுக்குக் காத்திருக்கும் அப்பா,
வேதாசலம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் இதை எழுதுகிறேன். இப்போது போன் இரண்டு மணி அடித்து நின்றது. இன்று புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணி. நான் எழுந்து போவதற்குள் நின்றுவிட்டது. சமையலறையிலிருந்து அம்மா, உங்க பொண்ணுதான், நல்லாயிருக்கா என்று குரல் கொடுத்தாள். ஆமாம் என்றேன். நீதானா, இல்லையா என்று உடனே எழுது.