பூண்டுக்காட்டு விளக்கு

தை அமாவாசைக்கு மறுநாள். இரவு பத்து மணி.

நேற்று எங்கள் மலைக்கிராமமான கிளாவரையில் வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஓரியன் நெபுலாவைப் படமெடுக்க இதைவிட நல்ல இரவு அமையாது. பக்கத்துப் பூண்டுக்காட்டு விளக்கு மட்டும்தான் இடைஞ்சல். காட்டுமாடு இறங்காமல் இருக்க முத்தம்மா அக்கா அதை விடிய விடிய எரியவிடுவார். இரண்டு மணி நேரம் அணைக்கலாமா என்று நான்தான் போய்க் கேட்டேன்.

"வாத்தியாரு கேட்டு மாட்டேன்னா சொல்லுவேன்? சுவிட்சு வாசல்லதான் இருக்கு. முடிஞ்சதும் நீங்களே போட்டு விட்டுருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

படம் முடிந்தது. குளிரில் விரல்கள் மரத்துவிட்டன. காமிராவைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டேன். விளக்கைப் போடவில்லை.

காலையில் வேலி சாய்ந்து கிடந்தது. அடுத்த மாதம் எடுக்க வேண்டிய பூண்டு மொத்தமும் மண்ணோடு மிதிபட்டிருந்தது. அக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தார். மறந்துவிட்டேன் என்று சொன்னேன். திட்டட்டும் என்று நின்றேன்.

"படம் நல்லா விழுந்துச்சா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"விழுந்துச்சுக்கா."

பிறகு பள்ளிக்கூடம் போனேன், பாடம் நடத்தினேன், திரும்பி வந்தேன். அழுகை வரவில்லை. பசியும் இல்லை. மடிக்கணினியைத் திறந்தேன். நட்சத்திரங்கள் பிறக்கும் அந்த மேகம் ரோஜா நிறத்தில் துல்லியமாக வந்திருக்கிறது. பார்த்துவிட்டு மூடினேன்.

வெளியே கும்மிருட்டு. நேற்றைவிட நல்ல வானம். இன்று நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. அக்கா தானாகவே விளக்கைப் போடாமல் விட்டிருக்கிறார். போட்டுக் காக்க அங்கே எதுவும் மிச்சமில்லை.