முத்திரையிட்டு மீளும் கடல்நீர்க் குடம்

நெல்லும் நீரும் நீங்காது வாழ்க. குன்றும் கடலும் ஒரு குடைக்கீழ்க் குளிர்ந்திருக்க வெண்குன்ற நாட்டை ஆண்டருளும் பூதலநங்கை அரசியார் திருவாய் மலர்ந்தருள, அவர்தம் தலைமை அமைச்சரான வேளூர் கிழான் அரங்கன் காரி, புன்னைத்தீவின் கடற்காவலரும் நெடுந்துறைப் பட்டினத்தின் தலைவருமான நாகன் பொறையனாருக்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் கலங்கள் கயிறு அறாது நிற்க. உம் தென்னைகள் குலை தாழ்க. உம் இல்லத்தார் நோயின்றி வாழ்க.

நீர் அனுப்பிய ஓலையும் அதனோடு வந்த மண்குடமும் பழுதின்றி வந்து சேர்ந்தன. கப்பல்பாய் தைக்கும் சேந்தி என்பாளைச் சிறையில் வைத்திருப்பதாகவும், அரசியாரை ஒளித்து வைத்ததற்காகவும் மெய்க்காவல் தலைவன் வில்லவன் தலையில் மீன் கழுவிய நீரைக் கவிழ்த்ததற்காகவும் அவளைத் தீவைவிட்டு நீக்கி அயற்கரையில் இறக்கிவிட எண்ணியிருப்பதாகவும், அதற்கு அரச இசைவு வேண்டுமென்றும் எழுதியிருந்தீர். உம் விசுவாசத்தில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை ஆகிவிட்டது. அதைக் கேட்டது முதல் அரசியார் வேறெந்த ஓலைக்கும் கை நீட்ட மறுத்துவிட்டார். நாட்டின் அலுவல் முழுதும் உம் சிறைக்கதவில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆகவே அன்று நடந்ததை, அரசியார் சொல்லக் கேட்டபடி எழுதுகிறோம். படித்து முடிக்கும்வரை அப்பெண்மேல் எவர் கையும் படாதிருக்கட்டும்.

முடிசூடியபின் நாடு காணப் புறப்பட்ட நம் அரசியார், காற்று வேண்டி உம் துறையில் கலம் நின்ற காலத்தில், ஒரு விடியலில் தோழியின் பருத்திச் சேலையை உடுத்திக்கொண்டு, நன்னீர் ஏற்ற வந்த தோணியில் ஏறிக் கரை சேர்ந்தார். எவரிடமும் சொல்லவில்லை. தாயும் தந்தையும் மறைந்து, உடன்பிறந்தார் ஒருவருமின்றி, பிறந்த நாள்முதல் குடையும் கொடியும் முன்செல்லவே நடந்து பழகிய அந்தப் பிள்ளைக்கு, ஒரு நாளேனும் தன் காலால் தான் நடக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. அது தவறென்று சொல்ல எமக்கு நாக்கு எழவில்லை.

கரையில் இறங்கியவர் எத்திசை போவதென்று தெரியாமல் நிற்க, கிழிந்த பாயை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த சேந்தி தலை நிமிர்ந்து பார்த்தாள். அவள் பேச்சைச் செந்தமிழாக்கினால் உப்பு போய்விடும் என்று அரசியார் தடுத்ததால், அவள் சொன்னவாறே பொறிக்கிறோம். "ஏ புள்ள, யாரு வீட்டுக்கு வந்திருக்க?" என்றாள். யார் வீட்டுக்கும் இல்லை என்றார் அரசியார். "அப்ப எங்க வீட்டுக்குத்தான். எந்திரிச்சு வாரேன், நில்லு" என்றாள்.

உம் தீவின் வழக்கம் உமக்குத் தெரியாததன்று. இவ்வோலையின் படி எம் ஏட்டறையிலும் இருக்கப்போவதால் இங்கே எழுதி வைக்கிறோம். தனியே கரையிறங்கியவரை முதலில் விசாரித்தவர் அன்றைக்கு அவருக்கு உறவு. சோறு போடுவதும் ஊர் காட்டுவதும் அவர் கடன். பொழுது சாயும்போது விருந்தாளியின் காலில் ஒரு கை கடல்நீர் வார்த்து வழியனுப்பினால் அந்த உறவு கடலோடு போகும். நீர் வார்க்காதவரை அது அறாது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் நிற்கும்.

அன்று அரசியார் கண்டவற்றை எம்மிடம் சொல்லிச் சொல்லி இன்னும் ஓயவில்லை. கருவாப்பட்டை மணக்கும் கடைத்தெரு, ஐந்து மொழியில் வைது பேசும் கிளி, வேற்றுநாட்டு மாலுமிகள் வரிசையாக அமர்ந்து தலைமழித்துக்கொள்ளும் புங்கமரத்தடி, கடலம்மை கோவிலில் சங்குக்குள் ஏற்றிய விளக்கு, மழை வந்ததும் வாழையிலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தபடி ஓடும் ஊர். சேந்தி ஒரு பலாப்பழத்தைப் பிளந்து கையில் கொடுத்தாளாம். சுளையாகவே கண்டு வளர்ந்த அரசியார் பிசுபிசுக்கும் பலாப்பாலோடு கடிக்க, இதழ் இரண்டும் ஒட்டிக்கொண்டன. வெண்குன்ற நாட்டின் ஆணை பிறக்கும் வாய் சற்றுநேரம் திறக்கவே இல்லை. சேந்தி வயிறு குலுங்கச் சிரித்து, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, "ஒங்க வீட்டுல ஒன்னைய என்னத்த வளத்தாங்க" என்று கன்னத்தைக் கிள்ளினாள். அந்தக் கன்னத்தை அதற்குமுன் கிள்ளியவர் எவருமில்லை.

உச்சிப்பொழுதில் இருவரும் ஒரே இலையில் உண்டபோதுதான் பிழை நேர்ந்தது. சேந்தி கவனித்தாள்: கால்விரலில் மெட்டியில்லை, பாதம் பஞ்சுபோல் இருக்கிறது, வீட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். யாருக்குப் பயந்து வந்தாய் என்று சேந்தி கேட்டாள். அரசியார் விளையாட்டாக, ஒரு கிழவருக்கு என்றார். அவர் விடிந்ததும் எதிரே வந்து நிற்பார் என்றும், தாம் எதை உடுப்பது, யாரோடு பேசுவது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்வார் என்றும், அவரிடமிருந்து ஒரு நாள் தப்பி வந்ததாகவும் சொன்னார். அந்தக் கிழவர் யாமே என்பதை இங்கே மறைப்பதற்கில்லை. சேந்தியோ, பிள்ளையைக் கிழவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். "அழுவாத. அந்தக் கெழட்டுப் பய நிழலு கூட ஒம்மேல விழாது. நான் இருக்கேன்ல" என்றாள். அரசியார் அதுவரை அழவில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது என்றும், உண்மையைச் சொன்னால் அந்தச் சொல் திரும்பிப் போய்விடுமோ என்று பயந்து சும்மா இருந்துவிட்டதாகவும் சொன்னார்.

இதற்குள் கலத்தில் யாம் தலையில் கைவைத்து, வில்லவனை அனுப்பினோம். ஊர் கலங்கக்கூடாதென்று அரசியார் பெயரைச் சொல்லாமல், இளம்பெண் ஒருத்தியைக் காணோம், கப்பலில் பெரியவர் காத்திருக்கிறார் என்று மட்டும் கேட்கப் பணித்திருந்தோம். கிழவனுக்குத் தப்பி வந்த பிள்ளை என்று சேந்தி அதற்குள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததால், அது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்ததாயிற்று. மீன்காரிகள் அவனைக் கோவிலுக்கு அனுப்பினார்கள். கோவிலார் மலைக்கு அனுப்பினார்கள். மலையில் விறகு வெட்டுபவன், அப்படி ஒரு பெண் நேற்றே கிழக்கே போகும் கப்பலில் ஏறிவிட்டாள் என்று சத்தியம் செய்தான். கடைசியில் அவன் சேந்தியின் கொட்டிலுக்கு வந்தபோது, அரசியார் பெரும்பாய் ஒன்றுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தார். சேந்தி அந்தச் சுருளின்மேல் ஏறி உட்கார்ந்து ஊசி கோத்துக்கொண்டிருந்தாள்.

சுருளிலிருந்து தும்மல் கேட்டது. வில்லவன் கை நீட்டினான். பக்கத்திலிருந்த மீன்சட்டி நீர் அவன் தலையில் இறங்கியது. "கூலிக்கு மாரடிக்கிற பயலே, ஒனக்கு அக்கா தங்கச்சி இல்ல?" என்று கேட்டு, ஆயுதம் தாங்கியவன் முன்னே வெறுங்கையோடு குறுக்கே நின்றாள் அந்தப் பெண். அப்போதுதான் அரசியார் பாயை விலக்கி எழுந்து நின்றார், வில்லவன் மண்டியிட்டான், தெரு முழுதும் மண்ணில் விழுந்தது. சேந்தி மட்டும் விழவில்லை. கையில் காலிச் சட்டியோடு அசையாமல் நின்றாள் என்றார் அரசியார்.

இவள்மேல் குற்றமில்லை என்று அரசியார் உம் முன்னிலையிலேயே சொன்னார், நீரும் தலைவணங்கினீர். காற்றும் திரும்பியது, யாம் அவசரப்படுத்தினோம், கலம் புறப்பட்டது. நாங்கள் கண்மறைந்ததும் அரசியாரின் சொல்லைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு சட்டத்தை நீர் உம் கையில் எடுத்துக்கொண்டீர். அரசியார் சொன்னது பெருந்தன்மை அன்று, தீர்ப்பு.

இனி அந்தக் குடம். கடைசியாக என்ன வேண்டும் என்று கேட்டபோது சேந்தி சோறும் கேட்கவில்லை, விடுதலையும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர். "அந்தப் புள்ள காலுல தண்ணி ஊத்தாம அனுப்பிட்டேன். செறையில கெடக்குறவ ஒறவு ராணிக்கு ஆவாது. இத அவ காலுல ஊத்திருங்க, ஒறவு அந்து போவட்டும்" என்று சொல்லி, கடல்நீரை முகந்து அனுப்பச் சொன்னாளாம். யாம் இதைக் கொலுமண்டபத்தில் படித்துக் குடத்தை முன்வைத்தபோது, அரசியார் சட்டென்று இரு பாதங்களையும் சேலைக்குள் இழுத்து ஒடுக்கிக்கொண்டு அரியணைமேல் சம்மணமிட்டு அமர்ந்துவிட்டார். குடம் மண்டபத்தைவிட்டு வெளியே போகும்வரை கால் தரையில் படாது என்றார். எமக்கு வயதாகிவிட்டது, பொறையனாரே. கண் கலங்கியதை மறைக்கத் தெரியவில்லை.

ஆகவே அரச ஆணை இது. நீர் வார்க்கப்படாத உறவு அறாது என்பது உம் தீவின் சட்டம். அச்சட்டப்படி உம் சிறையிலிருப்பவள் அரசியாரின் தமக்கை. இவ்வோலை கிட்டிய பொழுதே கதவு திறக்கப்படுக. நீரே குடை பிடித்து அவளைக் கொட்டில்வரை கொண்டுபோய் விடுக. குடத்தின் வாயை மெழுகால் அடைத்து, அரசமுத்திரை இட்டுத் திருப்பி அனுப்புகிறோம். அது கடலம்மை கோவிலில் வைக்கப்படுக. அந்த முத்திரையை உடைக்க அரசியாருக்கும் உரிமையில்லை என்று அரசியாரே எழுதச் சொன்னார்.

சேந்திக்குத் தனியே ஒரு சொல் உண்டு. அவள் காதில் மட்டும் படித்துக் காட்டுக: அக்கா, அந்தக் கிழவரிடம் இன்னும் அகப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அடுத்த காற்றுக்கு வருகிறேன். பாயை விரித்து வை.

எழுதியவன் வேளூர் கிழான் அரங்கன் காரி, அந்தக் கிழவன். இப்படிக்கு அரசமுத்திரை, ஓலையில் ஒன்று, குடத்தில் ஒன்று.