குவிமாடம் முழுதாக வந்த படம்

மார்ச் 11, செவ்வாய்

குருபரப்பள்ளி நிலத்தின் பங்கு வழக்குக்காகச் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போய்த் திரும்பினேன். நேரில் வரத் தேவையில்லை என்று வக்கீல் சொல்லியிருந்தார். எதிர்த்தரப்பான அண்ணன் போகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். நான் வருவதாகக் கேள்விப்பட்டுத்தான் அவரும் வந்தாராம்.

ஐந்து நிமிடத்தில் வாய்தா போட்டுவிட்டார்கள். வெளியே வந்தால் இருவருக்கும் வேலை இல்லை. பழைய கட்டடம். சிவப்புச் செங்கல் வளைவுகள், மேலே பெரிய குவிமாடம். இரண்டு வருஷமாக என்னோடு பேசாத அண்ணன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பேசினார்.

“கோர்ட்டுன்னே தோணல, மசூதியாட்டம் இருக்குது. அது முழுசா தெரியறாப்ல என்னை ஒரு போட்டோ எடு பாப்பா.”

குவிமாடம் முழுதாக வரவேண்டுமென்று பின்னால் போகப் போக, படத்தில் அவர் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிவிட்டார். எடுத்தேன்.

“அனுப்பி வுடு” என்றார்.

ஓசூர் வந்து சேர்ந்த பிறகுதான் நினைவு வந்தது. வழக்குப் போட்ட அன்றே அவர் நம்பரை பிளாக் செய்திருந்தேன். இந்தப் படத்துக்காக மட்டும் அதை எடுத்துவிட்டு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது.

“நல்லா வந்திருக்குது பாப்பா. அடுத்த வாய்தாவுக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்தே பஸ் டிக்கெட் போட்டுரட்டுமா?”