சாடிக்குள் நான், கப்பலில் உன் அண்ணன்

பாத்தூம், ஜார்ஜியா, 1897

இலங்கை ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருக்கும் என் வீராயிக்கு, சடையன் எழுதுவது. நான் சுகம். நீயும் பிள்ளையும் சுகந்தானே?

இங்கே தேயிலை நட வந்த எங்களில், இந்த வருஷம் ஊர் திரும்ப ஒருவருக்குத்தான் கப்பல் சீட்டு. தோட்டத்துத் துரை அதை எனக்குக் கொடுத்தார். அன்று நானும் உன் அண்ணனும் பக்கத்து வீட்டில், திராட்சை மது ஊறவைக்க மண்ணில் புதைத்திருக்கும் பெரிய சாடியைக் கழுவப் போனோம்.

"மாப்ளே, நீங்க உள்ள எறங்குங்க, நான் தண்ணி ஊத்துறேன்" என்றார் உன் அண்ணன்.

பாடிக்கொண்டே தேய்த்தேன். தண்ணீர் வரவில்லை. வீட்டுக்காரர்தான் என்னை மேலே தூக்கிவிட்டார். வெளியே கழற்றி வைத்த சட்டையில் சீட்டு இல்லை. கப்பலும் போய்விட்டது.

கவலைப்படாதே. நீ இடித்த மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்பு. தபால்காரர் நிற்கிறார். "மாப்பிள்ளைதான் அனுப்பினார்" என்று அங்கே வந்து அண்ணன் சொல்வார். சோறு போடு. பிள்ளையை மட்டும் அவர் கையில் கொடுக்காதே.

உன் சடையன்