முடி இறக்கியவள் யார், நைனா?

என் அன்பு நைனாவுக்கு,

நாளை மறுநாள் உனக்கு முதல் வருஷப் படையல். அம்மா சமைக்க மாட்டேன் என்கிறாள். காரணம் நான்தான். கொஞ்சம் நீயும்.

பரணைச் சுத்தம் செய்தபோது உன் கண்டக்டர் பை கிடைத்தது. உள்ளே மடித்த ஒரு தாள், உன் கையெழுத்து. ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் விசில் ஊதிக்கொண்டிருந்த நீ கவிதை எழுதுவாய் என்று யாருக்குத் தெரியும்?

முடி இறக்கிய பின்
உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை.
தலையில் சந்தனம் காய்வதற்குள்
படியிறங்கிப் போய்விட்டாய்.
நான் இன்னும் மேலேயே நிற்கிறேன்.

பெயர் இல்லை, தேதி இல்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. பன்னிரண்டாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிற பழக்கத்தில் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். விளக்கம் வேறு.

"முடி எறக்கறதுன்னா ஆசைய விடறதும்மா. படி எறங்கறதுன்னா வேற ஒருத்தன கட்டிகினு போறது. நைனா கல்யாணத்துக்கு முன்ன யாரையோ லவ் பண்ணிகிறாரு!"

அம்மா சிரிக்கவில்லை.

"முடி குடுத்தது நான்டி. மூணு வயசுல காய்ச்சல் எறங்காம கெடந்தியே, அப்போ வேண்டிகினு மலைக்கோயில்ல குடுத்தேன். மொட்டத்தலையோட வந்தப்போ உங்க நைனா ஒரு மாசம் என் மூஞ்சியே பாக்கல."

எனக்காகப் போன முடி. அதுகூடத் தெரியாமல் பொருள் சொல்லியிருக்கிறேன். உடனே பல்டி அடித்தேன். "அப்போ அது நீதாம்மா!" சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், மடச்சி.

"நானா? நான் எங்கடி போனேன்? முப்பத்தெட்டு வருஷம் அந்தாளுக்கு டிபன் கட்டிகினு இந்த வூட்லதான இருந்தேன்?"

இதற்கு நான் என்ன சொல்ல, நைனா? வேறொருத்தி என்றால் ஒரு வலி. அம்மாதான் என்றால், கூடவே இருந்தவளைப் போய்விட்டாய் என்று எழுதியிருக்கிறாயே, அது அதைவிடப் பெரிய வலி. மலையிலிருந்து மொட்டைத்தலையோடு எத்தனை பெண்கள் உன் பஸ்ஸில் ஏறியிருப்பார்கள்! யாரையோ பார்த்துச் சும்மா எழுதினாயா? மறுநாள் அதையும் சொல்லிப் பார்த்தேன்.

"நேத்து ஒண்ணு சொல்ற, இன்னிக்கு ஒண்ணு சொல்ற. படிச்சவதான நீ?" என்றாள்.

பரீட்சைத் தாளில் எந்தப் பொருள் எழுதினாலும் மார்க் போட்டுவிடுவேன். அடுப்படியில் அது முடியவில்லை. மேலேயே நிற்கிறேன் என்றாயே, இறங்கி வந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா? உன்மேல் கோபம் வருகிறது. கூடவே அழுகையும் வருகிறது.

இன்று காலை அம்மா அந்தத் தாளைக் கேட்டு வாங்கினாள். கிழித்துவிடுவாளோ என்று பயந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"முடி திரும்ப வளந்துச்சேடி. அப்பவாவது என்ன பழையபடி பாத்திருக்கலாம்ல?"



படையலை நானே செய்கிறேன். கருவாட்டுக் குழம்பு அவள் கைப்பக்குவத்தில் வராது, பொறுத்துக்கொள். இனி உன் கவிதைக்கு நான் பொருள் சொல்ல மாட்டேன். அம்மா எத்தனை முறை கேட்டாலும், "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். சத்தியம்.

பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிற,
உன் மகள்.