முகவரி சொல்லிக் கேட்டது

மார்ச் 3, புதன்

தையல் கடையில் இன்று கோட்டுகளின் இடுப்புத் தையலைப் பிரித்துத் தளர்த்துகிற வேலை. ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. நினைப்பு வேலையில் இல்லை. குளிக்கும்போது கையில் பட்ட கட்டி – இடது பக்கம், பட்டாணி அளவு – போன வாரமும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஊரார் மார்பளவையெல்லாம் நாடா பிடித்து எடுக்கிற எனக்கு என் உடம்பைத் தொடப் பயம்.

மாலை ஜெபக்கூட்டம். சிறையில் இருந்துகொண்டு, முகமே பார்த்திராத சபையாருக்கு ஒருவர் எழுதிய, வேதாகமத்தில் வரும் அந்தப் பழைய கடிதத்தைத்தான் வாரம் கொஞ்சமாக வாசிக்கிறோம். கேள்விப்பட்டதோடு சரி, அவர்களுக்காக விடாமல் மன்றாடுகிறார் மனிதர். எனக்கோ எனக்காகவே ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணை மூடினால் கட்டிதான்.

மார்ச் 5, வெள்ளி

டாக்டரம்மா அங்கேயே ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டார். முடிவு அடுத்த வெள்ளி. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற மனிதர். எதையும் திறந்து பார்த்து, கோளாறைப் பிடித்து, பொழுது சாய்வதற்குள் சரி செய்தால்தான் இவருக்குத் தூக்கம் வரும். இதைத் திறந்து என்ன செய்வார், பாவம்.

மார்ச் 8, திங்கள்

நாத்தனாரிடம் மட்டும் சொன்னேன். ஒருத்தரிடமாவது கொட்டாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. யாரிடமும் மூச்சு விடாதீங்க அண்ணி, ஜெபம் மட்டும் பண்ணுங்க என்றேன். சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றார். இவர் தன் அக்காவுக்கு வைத்திருக்கும் பெயர் ஒலிபெருக்கி. அது ஏன் எனக்கு நினைவுக்கு வரவில்லை?

மார்ச் 10, புதன்

ஐயோ.

இவர் கூட்டத்துக்கு வருவதே நாற்காலி போடவும் எடுக்கவும்தான். நடுவில் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஜெபம் அக்காவோட இலாகா என்பார். இன்று வாசிப்பு முடிந்து எல்லோரும் கண்ணை மூடினோம். அண்ணி ஆரம்பித்தார். பரீட்சை எழுதும் பிள்ளைகள், வேலை தேடுகிறவர்கள் என்று நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த குரல் திடீரென்று தழுதழுத்தது. "ஆண்டவரே, என் தம்பி பொண்டாட்டிக்கு மார்புல கட்டி. இடது பக்கம். சதை எடுத்திருக்காங்க. வெள்ளிக்கிழமை முடிவு."

நாலா பக்கமும் ஆமென். நான் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தேன். இவரும் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். அந்த முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

வாசலில் அண்ணியைப் பிடித்தேன். "நான் யார்கிட்டயும் சொல்லலையே, ஆண்டவர்கிட்டதானே சொன்னேன்?" என்கிறார். நடிப்பில்லை, அப்படியேதான் நம்புகிறார். ஜெபத்தில் சொன்னால் சொன்னதாகக் கணக்கில்லை எங்கள் கூட்டத்தில். இவளிடம் போய்ச் சொன்ன என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வழியெல்லாம் இவர் எனக்கு முன்னால் நடந்தார். மாடிப்படியில்தான் கேட்டார். "அக்காவுக்குத் தெரியும். கடவுளுக்குத் தெரியும். அப்போ நான் யாரு?"

கடவுளிடமும் நான் சொல்லலைங்க என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

மார்ச் 11, வியாழன்

இவர் தேநீர் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், சர்க்கரை இல்லாமல். கோபமா, மறதியா?

மார்ச் 12, வெள்ளி

கெட்டதுதான். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம் என்கிறார் டாக்டரம்மா. அறுவை, அதன்பின் மருந்து ஏற்றுவது. அவர் சொல்லச் சொல்ல இவர் என் கைப்பையை மடியில் வைத்து ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார்.

என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்கோ போனவரைக் காணோம். தேடிப் போனேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்தார். கையில் போன் இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டுப் புகார் கொடுக்கிற அதே குரல். என் பெயர், வயது, தெரு, கதவு எண். இரண்டாவது மாடி, படியில் விளக்கு எரியாது என்பது வரைக்கும் சொன்னார். கோளாறு என்ன, எப்போதிலிருந்து என்றும் சொன்னார். கடைசியில், "சீக்கிரம் வந்து பாருங்க சார். இது எனக்கு ரிப்பேர் பண்ணத் தெரியாது."

சத்தம் காட்டாமல் திரும்பி வந்து, உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 17, புதன்

கூட்டத்துக்குப் போகவில்லை. அண்ணி மேல் ஆத்திரம் இன்னும் தீரவில்லை. அப்படி என்னதான் அந்தக் கடிதத்தில் என்று இவர் கேட்டார், வாசித்துக் காட்டினேன். சிறையில் இருந்தவர் அவர்களுக்குக் கஷ்டம் தீர வேண்டும் என்று கேட்கவே இல்லை. தாங்குகிற பலம் வேண்டும், பொறுமை வேண்டும், கடவுளை இன்னும் தெரிந்துகொண்டு வளர வேண்டும் என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறுமை யாருக்கு வேணும், கட்டி போகணும் என்று புத்தகத்தை மூடினேன்.

"எழுதினவரும் உள்ளேதானே இருந்தாரு?" என்றார் இவர். "வெளியே இருந்துக்கிட்டு சொல்லியிருந்தா நானும் கேட்டிருக்க மாட்டேன். அடுத்ததைப் படி."

படித்தேன்.

மார்ச் 29, திங்கள்

நாளை அறுவை. பயம். பயம். "பயமா இருக்கு ஆண்டவரே" – இவ்வளவுதான் வந்தது. ஆனால் வந்தது.

மே 10, திங்கள்

மருந்து ஏற்றும் அறை. ஜன்னலோர நாற்காலியில் எப்போதும் ஓர் அம்மாள் இருப்பார், மடியில் பச்சைப் பை. தனியாகத்தான் வருவார். ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் எங்கள் பழக்கம். இன்று நாற்காலி காலி. நர்ஸிடம் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார். என் தலைமுடி கொட்டுவதைக்கூட மறந்து அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஆயிற்று அவருக்கு என்று வீடு வரும் வரை இவரிடம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

மே 12, புதன்

கூட்டம் இன்று எங்கள் வீட்டில். அண்ணி வந்ததும் என் காதருகே குனிந்து, உனக்காகச் சத்தமாக் கேட்கலாமா என்றார். ஒலிபெருக்கி அனுமதி கேட்கிறது! சிரித்துவிட்டேன். இன்னைக்கு நான் கேட்கிறேன் அண்ணி என்றேன்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆண்டவரே, ஒரு அம்மா…" என்று தொடங்கினேன். அதோடு நின்றுவிட்டது. பெயர் தெரியாதே. யாரென்று சொல்வது?

முழங்கையில் ஓர் இடி. இவர்தான். பின்வரிசையிலிருந்து எப்போது வந்து உட்கார்ந்தார்? கண் இறுக மூடியிருந்தது.

"பச்சைப் பை, ஜன்னலோர நாற்காலின்னு சொல்லு," என்றார் மெதுவாக. "அவரு கண்டுபிடிச்சுக்குவாரு."

சொன்னேன்.